சிப்பிப்பாறைக் கழுத்துக்கு எந்தப் பெல்ட்? நெல்லைக் கடைச் சரக்கு ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கத்துப் பெட் ஷாப்புகளில் நாய் பெல்ட் கேட்டால் எடுத்துப் போடுகிற சரக்கில் பெரும்பகுதி லேப்ரடாரையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் மனதில் வைத்துச் செய்தது. அந்த நாய்களுக்குத் தலை பெரிது, கழுத்து அதைவிடச் சிறிது. சாதாரணப் பெல்ட் காதைத் தாண்டி வராது. நம்ம ஊர் நாய்களுக்குக் கதையே வேறு. சிப்பிப்பாறை, கன்னி இரண்டுக்கும் தலை ஒடுங்கி நீண்டது. காதுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி அளந்தால், தலையின் அகலமான இடத்துச் சுற்றளவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ராஜபாளையத்துக்குத் தலை கொஞ்சம் கனம் என்றாலும் கழுத்தும் அதற்கேற்ற கனம். கோம்பைக்கு மட்டும் அகன்ற மண்டை, கடைப் பெல்ட்டே போதும்.

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வந்துவிட்டது. அதன் கழுத்தில் ஒழுங்காக உட்காருகிற பெல்ட்டைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. "அண்ணாச்சி, ஸ்மால், மீடியம், லார்ஜ் மூணுதான் வருது, நீங்க கேக்குறது கம்பெனியிலயே போடுறதில்ல" என்பதுதான் வழக்கமான பதில்.

இங்கே கம்பெனிப் பெயர்களுக்கு மதிப்பெண் போடவில்லை. நல்ல நாடாவில் மட்டமான கொக்கியை மாட்டி விற்பதும், கொக்கி நன்றாக இருந்து தையல் பிரிந்து போவதும் எல்லாப் பெயரிலும் உண்டு. வகை வகையாகத்தான் பார்க்க முடியும். பார்ப்பதற்கு மூன்று கேள்வி. இழுத்தால், முறுக்கினால், பின்வாங்கினால் கழன்று வராமல் நிற்கிறதா? கழுத்தையோ அக்குளையோ புண்ணாக்குகிறதா? மூன்றாவது கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை: அதைக் கையில் எடுத்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு தலையை நீட்டுகிறதா, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறதா?

மூன்றாவதுக்குத்தான் நாங்கள் அதிக மதிப்பெண் வைக்கிறோம். நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள ஒட்டுதல் பெரும்பாலும் கண் வழியாக நடப்பது. ஜப்பானின் அஸபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒன்றைக் காட்டினார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில், இரண்டு பேர் சிறுநீரிலும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே வேலை செய்கிற அதே ஹார்மோன். கையால் வளர்த்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. 2019இல் இன்னொரு குழு, புருவத்தின் உள்பக்கத்தைத் தூக்குகிற தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருப்பதையும் ஓநாய்களுக்கு அது பேருக்குத்தான் இருப்பதையும் அறுத்துப் பார்த்துச் சொன்னது. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே நம்மை அந்தப் பார்வை பார்ப்பதற்கென்றே ஒரு தசை. ஆகவே கயிற்றின் மறுமுனையில் இருக்கிற நாய் நடக்கும்போது அடிக்கடி நம்மைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி எந்தக் கட்டு விட்டுவைக்கிறதோ அது நல்ல கட்டு. கழுத்து நெரிபடுகிற நாய் முன்னால்தான் பார்க்கும், மூச்சு வாங்குவதற்கு.

இரும்புச் செயின்

இதுதான் இன்னும் அதிகம் விற்பது. டவுனில் கயிறும் வாளியும் விற்கிற கடைகளில்கூடத் தொங்கும். விலை குறைவு, கடித்துத் துண்டாக்க முடியாது என்பதோடு அதன் நல்ல குணம் முடிந்தது. கனம் முழுவதையும் கழுத்துதான் சுமக்கிறது. சித்திரை வெயிலில் கண்ணிகள் சூடேறி, குட்டை முடிக்காரச் சிப்பிப்பாறையின் தொண்டையில் சிவந்த கோடு போடும். ஆற்றில் குளிக்கப் போய்வந்தால் துரு. நடக்கும்போது கலகலவென்று சத்தம் வந்துகொண்டே இருப்பதால், நாம் மெதுவாகச் சொல்கிற சொல் நாய்க்கு எட்டாது.

இதில் பெரிய கேடு, செயின் நடப்பதற்கு என்றில்லாமல் கட்டிப்போடுவதற்கு என்றே ஆகிவிடுவது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடக்க வைக்காமல் விடுவதையும் தனித்தனிக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறது. கட்டியே கிடக்கிற நாய் தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். வீட்டுக்காரர் காவல் நல்லா இருக்கு என்று நினைத்துக்கொள்வார். விலகிப் போக வழி இல்லாத நாய்க்குக் குரைப்பதைத் தவிர வேறு என்ன செய்யத் தெரியும்? மலையடிவாரத்தில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. பாபநாசம், மணிமுத்தாறு, கடையம் பக்கத்து ஊர்களில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப் போவது புதுச் செய்தி இல்லை. இரவில் வாசலில் செயின் போட்டுக் கட்டின நாய்க்கு ஓடவும் முடியாது. அந்த ஊர்களில் நாய்க்கு இரவில் கதவு போட்ட இடம்தான் வேண்டும்.

தீர்ப்பு: வாங்க வேண்டாம்.

"டிரெயினிங் செயின்"

கடையில் இந்தப் பெயரில் கொடுப்பது சுருக்குச் சங்கிலி. ஒரு வளையத்துக்குள் சங்கிலி ஓடும், இழுத்தால் இறுகும், இறுகுவதற்கு எல்லை கிடையாது. உள்பக்கம் முள் வைத்த ரகமும் வருகிறது. சிப்பிப்பாறையின் கழுத்தில் கொழுப்பும் கிடையாது, அடர்ந்த முடியும் கிடையாது. கண்ணி நேரே மூச்சுக்குழல் மேல் உட்காரும். கழுத்தில் பெல்ட் போட்டு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, மார்புப் பட்டையில் இழுத்தால் ஏறவில்லை என்று 2006இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். அது சாதாரணப் பெல்ட்டுக்கே. சுருக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பை விட மனதுக்குத்தான் கேடு அதிகம். வேட்டை நாய் என்று பேரே தவிர, சிப்பிப்பாறையும் கன்னியும் ஆள் முகம் பார்த்தே வாழ்கிற நாய்கள். ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் அவரையே சுற்றும், வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் நாள் முழுக்க ஒதுங்கி நிற்கும். போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. தண்டித்துப் பழக்கிய நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடம்பைக் குறுக்கின. அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் கூடியது. பயிற்சி முடிந்து வேறு இடத்தில் வைத்துச் சோதித்தபோதும், தின்பண்டம் இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தின் பக்கம் போவதற்கு அவை அதிகம் தயங்கின. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள். சுருக்குச் சங்கிலியில் ஒழுங்காக நடக்கிற நாயைப் பார்த்தால் காதையும் வாலையும் கவனியுங்கள். காது மண்டையோடு ஒட்டி, வால் வயிற்றுக்கடியில் போயிருந்தால் அது பழகின நடை இல்லை.

சாதாரணப் பக்கிள் பெல்ட்

நைலானில் வருவதும் தோலில் வருவதும். பெயர், போன் நம்பர் தகடு மாட்டி வைக்க இது அவசியம், வீட்டுக்குள் போட்டிருக்கலாம். கயிறு மாட்டி வெளியே கூட்டிப் போகத்தான் நம்ம நாய்களுக்கு ஆகாது. கணக்கைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவு 34 செ.மீ., தலையின் அகலமான இடத்தில் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் போக வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற அளவு. அப்படி விட்டால் பெல்ட்டின் சுற்று 37, 38 வந்துவிடும். 35 சுற்றளவுத் தலை அதற்குள் தாராளமாக வெளியே வரும். வரக் கூடாது என்று இறுக்கினால் தண்ணீர் குடிக்கும்போதே இருமும்.

கழன்று போகிற விதமும் எப்போதும் ஒன்றுதான். பயந்த நாய் முன்னால் ஓடாது. பிட்டத்தைத் தரையில் அழுத்திப் பின்னால் போகும். நாம் பிடிவிடாமல் நம் பக்கம் இழுப்போம், கயிறு நேர்கோடாகும். நாய் மோவாயைத் தாழ்த்தும், காது இரண்டும் பின்னால் மடங்கும், தலையை ஒரு பக்கம் திருப்பும். பெல்ட் ஒரு காதைத் தாண்டும், அப்புறம் மற்றதை. கையில் வெறும் பெல்ட். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நாம் இயல்பாகச் செய்வதற்கு நேர் எதிரானது: இழுக்காமல் நாய் இருக்கிற பக்கமாக ஒரு எட்டு வைத்துக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த கயிற்றை எதிர்த்து எந்த நாயாலும் கழற்ற முடியாது.

இந்தப் பக்கத்தில் இது பெரும்பாலும் கோயில் கொடை நாட்களில் நடக்கிறது. மேளமும் வில்லுப்பாட்டும் நாய் ஓரளவு தாங்கும். சாமக்கொடைக்கு வேட்டு போடுகிறபோதுதான் வெருண்டு தெறிக்கும். மிரண்டு ஓடுகிற சிப்பிப்பாறையைப் பைக்கில் விரட்டியும் பிடிக்க முடியாது, விரட்டினால் இன்னும் தூரம் போகும். கொடைக்கும் தீபாவளிக்கும் சாயங்காலத்துக்கு முன்பே நடையை முடித்து, உள்ளறையில், ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டு வைப்பது நல்லது. நடுங்குகிற நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பார்கள். அப்படிப் பயம் கூடிவிடாது, தாராளமாகத் தடவுங்கள். அது உங்களிடம் ஒண்டுவதே நீங்கள் இருக்கிற இடம் பத்திரம் என்று தெரிந்துதான்.

மார்ட்டிங்கேல்: நம்ம நாய்களுக்கு ஏற்றது இதுதான்

வெளிநாட்டில் கிரேஹவுண்டுக்குப் போடுகிற பெல்ட் இது. சிப்பிப்பாறையின் உடலமைப்பும் அதே சாதிதான். பெரிய பட்டை ஒன்று, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், அந்த இரண்டு வளையத்துக்குள்ளும் ஓடுகிற சின்னப் பட்டை வளையம் ஒன்று. கயிறு மாட்டுவது சின்ன வளையத்தில். நாய் இழுக்கும்போது சின்ன வளையம் இரண்டு முனைகளையும் நெருக்கிக்கொண்டு வரும், தளர்ந்ததும் விரிந்துகொள்ளும். சுருக்குச் சங்கிலியும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றும். இது பட்டையின் நீளத்துக்கு மேல் இறுகாது, வித்தியாசம் அதுதான். அளவு சரியாக இருந்தால் கழுத்தோடு ஒட்டி நிற்கும், நெரிக்காது. அளவு பெரிதாகிப் போனால் இரண்டு வளையமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், தலை வெளியே வந்துவிடும். பட்டை குட்டையாகிப் போனால் நெரிக்கும். முழுவதும் இழுத்த நிலையில் இரண்டு வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடம் இருப்பதுதான் சோதனை.

நம் கடைகளில் கிடைப்பது அபூர்வம். ஆன்லைனில் வருகிறது, ஆனால் முக்கால் அங்குல, ஒரு அங்குல அகலம்தான் அதிகம். நீளக் கழுத்துக்கு அது போதாது. ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குல அகலம் இருந்தால்தான் அழுத்தம் பரவும். ஆகவே பை தைக்கிற கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்வதே மேல். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றித் தருகிற எவரும் அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்.

மேலே சொன்ன 34, 35 அளவுக்கே கணக்குச் சொல்கிறோம். பெரிய பட்டை தைத்து முடித்த நிலையில் வளையங்களோடு சேர்த்து 30 செ.மீ., அதாவது கழுத்துச் சுற்றளவில் நாலு குறைவு. இரண்டு முனையிலும் வளையத்தைச் சுற்றி மடித்துத் தைக்க நாலு நாலு செ.மீ. வேண்டும் என்பதால், பை பெல்ட்டுக்கான ஒன்றரை அங்குல நைலான் நாடாவை 38 செ.மீ. வெட்டிக்கொண்டு, வளையங்கள் எடுத்துக்கொள்கிற இடத்தைக் கழித்துவிட வேண்டும். சின்ன வளையத்துக்கு ஒரு அங்குல நாடா 24 செ.மீ., நாலு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் 20 செ.மீ. சுற்று வரும். இது முழுக்கத் தளர்ந்தால் இரண்டு முனையும் ஒன்பது செ.மீ. அளவுக்கு விலகும். 30ம் 9ம் 39, தலை சுகமாக நுழையும். இழுத்தால் பட்டை 34இல் கழுத்தைப் பிடித்து நிற்கும், நடுவே நாலு செ.மீ. மிச்சம் இருக்கும். 35 சுற்றளவுத் தலையும் இரண்டு காதும் அதைத் தாண்டி வர வழியில்லை. வளையம் மூன்று வேண்டும், முனைக்கு இரண்டு செவ்வக வளையம், கயிறு மாட்ட ஒரு டி வளையம். மூன்றும் வெல்டிங் வைத்து மூடியதாக இருக்கட்டும். சும்மா வளைத்துவிட்ட கம்பி இழுப்பில் வாய் பிளக்கும். தையல் சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி வர வேண்டும், நூல் நைலான். உள்பக்கம் பழைய பருத்தி வேட்டித் துணியை நாலு மடிப்பு வைத்துத் தைத்துவிட்டால் தோல் உரசாது.

போடுகிற இடம் முக்கியம். தோள்பக்கம் இறங்கிக் கிடந்தால் அங்கே கழுத்து பருத்திருக்கும், நாய் மாடு மாதிரி இழுக்கும். காதுக்கு உடனே பின்னால் உயரத்தில் இருக்க வேண்டும். நடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். சின்ன வளையம் ஜன்னல் கம்பியிலோ, இன்னொரு நாயின் பல்லிலோ மாட்டினால் ஆபத்து. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்.

ஹார்னஸ்

கழுத்தை விட்டு மார்பைச் சுற்றி மாட்டுகிற பட்டை இது, விற்பனையில் இப்போது வேகமாக ஏறிவருவதும் இதுதான். நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. மார்புக்குக் குறுக்கே படுக்கையாக ஒரு பட்டை போகிற ரகம் தோள் மூட்டு முன்னால் போவதைத் தடுக்கும். இழுத்தால் அக்குளில் இறுகுகிற "நோ புல்" ரகம் சுருக்குச் சங்கிலியை அக்குளில் மாட்டின மாதிரி. பஞ்சு வைத்த சட்டை மாதிரியான ரகம் ஊட்டிக்கு ஆகும், நாங்குநேரி வெயிலுக்கு ஆகாது. வாங்க வேண்டியது கழுத்தடியிலிருந்து மார்பெலும்பு வரை ஆங்கில ஒய் எழுத்து வடிவில் இறங்குகிற ரகம். இதுவும் தோள் அசைவை ஓரளவு குறைக்கத்தான் செய்கிறது என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள்.

சிப்பிப்பாறைக்கு இதிலும் ஒரு சிக்கல். மார்பு ஆழம், இடுப்பு கைக்குள் அடங்கும். பின்வாங்கினால் ஹார்னஸும் சட்டை கழல்கிற மாதிரி தலைவழியாகக் கழன்றுவிடும். இதற்கு மருந்து மூன்றாவது பட்டை, விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கத் தொடங்குகிற இடத்தில் வர வேண்டும். "மூணு ஸ்ட்ராப் இருக்கா" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதே பை கடையில் சேர்த்துத் தைக்கலாம். மார்பைச் சுற்றிவருகிற முதல் பட்டை முன்னங்கால் முட்டிக்கு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். அதைவிட முன்னால் வந்தால் அரை மணி நேர நடையிலேயே அக்குளில் முடி உதிரும். முதல் நாளே நாயின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று தடவுங்கள். அளவெடுக்கும்போது மார்பின் ஆழமான இடத்தைச் சுற்றி எடுங்கள். கடை அட்டையில் போட்டிருக்கிற கிலோ கணக்கை நம்ப வேண்டாம். 20 கிலோ நாட்டு நாயும் 20 கிலோ சிப்பிப்பாறையும் உடம்பில் ஒன்றல்ல.

புது ஹார்னஸ் போட்டதும் சிலை மாதிரி நின்றுவிடுகிற நாய்கள் உண்டு, இந்த இனங்களில் அதிகம். "எவ்வளவு சமத்தா நிக்குது பாரு" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பயத்தில் உறைந்து போய் நிற்கிறது, அவ்வளவுதான். முதலில் தரையில் போட்டு மோந்து பார்க்க விட வேண்டும். அடுத்து, தலை நுழைகிற ஓட்டைக்கு அந்தப் பக்கம் வேகவைத்த கோழி ஈரல் துண்டை நீட்டினால் நாயே தலையை விடும். உடனே வெளியே எடுக்கவும் விடுங்கள். பக்கிளை நாயின் உடம்பிலிருந்து தள்ளி வைத்து இரண்டு மூன்று தரம் "டக்" என்று மாட்டிக் காட்டிய பிறகே உடம்பில் மாட்டுவது. பாதி நாய்களுக்குப் பயம் அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு படியிலும் நாய் தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படி. நாலைந்து நாள் ஆகும். ஒரே நாளில் பிடித்து மாட்டினால் அன்றைக்குப் போட்டுவிடலாம், மறுநாளிலிருந்து துரத்திப் பிடித்துத்தான் போட வேண்டியிருக்கும்.

மிரளுகிற நாய்க்கு மார்ட்டிங்கேல், ஹார்னஸ் இரண்டும் போட்டு இரண்டு கயிறு பிடிக்கலாம். இழுப்பு ஹார்னஸில் இருக்கட்டும், கழுத்துக் கயிறு தளர்வாகக் கிடந்தால் போதும்.

கயிறும் கொக்கியும்

நடைக்கு ஐந்து, ஆறு அடி போதும். சுருண்டு உள்ளே போகிற டப்பாக் கயிறு வேண்டவே வேண்டாம். அது எப்போதும் ஒரு சின்ன இழுவையை வைத்திருப்பதால் இழுத்தால்தான் நகரலாம் என்று நாய் கற்றுக்கொள்கிறது, நூல் மாதிரி கயிறு காலைச் சுற்றினால் அறுக்கும். மேலப்பாளையம் சந்தைப் பக்கம் ஆடு மாட்டுக்கு விற்கிற பருத்திக் கயிறு, சுண்டு விரல் கனத்தில், கைக்கு இதமானது, கடை லீஷைவிட மலிவு. தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும், பிளாஸ்டிக் கயிறு வழுக்கிச் சுடும். பருத்தியின் குறை, நனைந்தால் கனக்கும், நிழலில் காயவைக்காவிட்டால் நாறும்.

கொக்கிதான் முதலில் போகிற உறுப்பு. பளபளப்பான வார்ப்புக் கொக்கிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை, திடீர் இழுப்பில் கழுத்துப் பகுதியில் முறியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்த்து வாங்குங்கள். நாக்கை விரலால் நாலு தரம் தள்ளிவிட்டால் ஒவ்வொரு தரமும் முழுசாகத் திரும்பி மூட வேண்டும். ஆற்று மணல் புகுந்து ஸ்பிரிங் சிக்கிக்கொள்வது குறுக்குத்துறைப் பக்கம் நாயைக் கூட்டிப் போகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லை. தண்ணீரில் அலசி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

திறந்த வெளியில் நாயை ஓடவிட 30 அடி நீளக் கயிறு நல்ல ஏற்பாடு. தேரிக்காட்டிலும் கரிசல் காட்டிலும் முயலும் மயிலும் எழும்பும். பார்த்த மாத்திரத்தில் பாய்வது இந்த நாய்களின் ரத்தம், ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம். நீளக் கயிற்றை எக்காரணம் கொண்டும் கழுத்துப் பெல்ட்டில் மாட்டாதீர்கள். முழு வேகத்தில் போகிற நாய் கயிறு முடிகிற இடத்தில் கழுத்தால் நின்றால் கழுத்தெலும்பு போய்விடும். ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. நடந்த பிறகு இருமல் நிற்கவில்லை, சோறு முழுங்கத் திணறுகிறது என்றால் காத்திருக்காமல் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கயிற்றில் பேசுவது

நல்ல கட்டு வாங்கியாயிற்று என்பதால் நாய் திரும்பிப் பார்த்துவிடாது. தெருவில் நடக்கும்போது எப்போதெல்லாம் தானாகத் திரும்பி முகம் பார்க்கிறதோ அப்போதெல்லாம் "சரி" என்று ஒரே சொல்லைச் சொல்லி, விரல் நகம் அளவு தின்பண்டம் கொடுங்கள். சொல் முதலில், தின்பண்டம் பிறகு. வேகவைத்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாத வேர்க்கடலை எல்லாம் ஆகும். கருவாட்டில் உப்பு அதிகம், திராட்சை விஷம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பெயருக்கு மதிப்புப் போய்விடும், அதனால் வாயை மூடிக்கொண்டு அது பார்ப்பதற்குக் காத்திருங்கள். இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். ஒரு நாள் நின்று, மறுநாள் அவசரத்தில் இழுத்த இழுப்புக்குப் போனால் வேலைக்கு ஆகாது.

எதிரே தெரு நாய்க் கூட்டம் வரும்போது கயிற்றைக் கையில் சுற்றிக் குட்டையாகப் பிடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்த இறுக்கம்தான் நாய்க்கு முதல் எச்சரிக்கை. ஸ்வீடனில் 2019இல் வெளியான ஆய்வில் வளர்ப்பவரின் தலைமுடியிலும் நாயின் முடியிலும் கார்டிசால் அளவுகள் மாதக்கணக்கில் ஒத்துப் போயிருந்தன. நம் பதற்றம் அதற்கு வெளிப்படையாகத் தெரிகிறது. கயிற்றை இறுக்காமல் வளைந்து எதிர்ப்பக்கம் நடப்பதே நல்லது.

வெள்ளை ராஜபாளையத்துக்கு இதெல்லாம் இரட்டிப்பு முக்கியம். நிறமி குறைந்த இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று, தரை அதிராமல், காற்று படாமல் சாவிக் கொத்தை ஆட்டிப் பாருங்கள். தூங்கும்போதும் அசைவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். காது கேட்காத நாய்க்கு "சரி" என்ற சொல்லுக்குப் பதில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டலாம், கயிற்றில் இரண்டு மெல்லிய தட்டு என்றால் திரும்பிப் பார் என்று பழக்கலாம். கேட்கிற நாய்களைவிட இவை அதிகம் முகம் பார்க்கும். கயிற்றை வெடுக்கென்று இழுக்கிற கையில் இந்த நாயைக் கொடுக்கவே கூடாது.

சில்லறை விஷயங்கள்

காலை ஏழரைக்கு மேல் தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஆற்றில் குளித்த நாய்க்கு நனைந்த நைலான் பெல்ட்டைப் போட்டே வைத்திருந்தால் இரண்டு நாளில் அடியில் புண் வரும், உண்ணியும் அங்கேதான் ஒளியும். தோல் பெல்ட் நனைந்தால் வெடிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பிசிறு எழும்பினால் திரும்பத் தைக்கக் கொடுங்கள்.

குட்டிக்கு விலை உயர்ந்த எதையும் வாங்காதீர்கள். மூன்று மாதத்திலிருந்து பத்து மாதம் வரை கழுத்து அளவு மாறிக்கொண்டே இருக்கும், மாதம் ஒருமுறை டேப்பை எடுத்து அளக்க வேண்டும். அதுவரை மலிவான நாடாப் பெல்ட் போதும். பை கடைக்காரரிடம் அளவுச் சீட்டைக் கொடுத்து வைத்தால் அடுத்ததற்கு வளையங்களைக் கழற்றித் திரும்பப் பயன்படுத்திக்கொள்வார், நாடா செலவு மட்டும்தான்.